வலி தெரியாத கால்

புதிதாக வந்த குதிரை டாக்டர், சாம்பல் என்ற வயதான குதிரையின் முன்னங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா கொட்டடிக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை. கதவின் மேல் கட்டையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, டாக்டரின் விரல் எங்கே அழுத்துகிறது, குதிரை எங்கே காது மடக்குகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டிருந்தார். குதிரையோடு பேசிக்கொண்டேதான் வேலை செய்வார். "சரி சரி, தெரியுது, அங்கதான். தொடலை போ" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

"குளம்புக்கு மேல இருக்குற மூட்டு தேய்ஞ்சு போச்சு. எலும்போட எலும்பு உரசுது. பின்னால நரம்பு முழுக்க முடிச்சு முடிச்சா இருக்கு. பெரிய அடி பட்டிருக்கே?"

"ஆமா. ரொம்ப வருஷம் ஆச்சு."

"வலிக்கு என்ன குடுக்கிறீங்க?"

"ஒண்ணும் குடுக்கறதில்ல."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணுமேவா? இந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

"வேற என்ன சொன்னாலும் செய்றேன் டாக்டர். தண்ணி அடிக்கச் சொல்லுங்க, கட்டுப் போடச் சொல்லுங்க, படுக்கைக்கு மரத்தூள் ரெண்டு மடங்கு போடச் சொல்லுங்க. வலி மருந்து மட்டும் வேண்டாம்."

"ஏன், ஒத்துக்கலையா?"

"எனக்கு ஒத்துக்கலை" என்றாள் அக்கா.

டாக்டர் சிரிக்கலாமா என்று யோசித்தது தெரிந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல் வரை போய்த் திரும்பி, "அது பேசாது. ஆனா சத்தமில்லாம அழுதுகிட்டிருக்கு. மனசு மாறினா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாயத்துக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் அக்காதான். தங்கை கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. ரயில் பாதையை ஒட்டிய பழைய கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்துச் சகோதரிகள் இருவரும் தொடங்கிய சவாரிப் பள்ளி அது. குதிரைகளுக்குத் தீனி, மருந்து, படுக்கை எல்லாம் அக்காவின் பொறுப்பு. சொல்லிக்கொடுப்பதும் போட்டிகளுக்குப் போவதும் தங்கை. பின்கட்டில் உலை வைத்து லாடம் அடித்துக்கொண்டிருந்தவனைத்தான் தங்கை கட்டிக்கொண்டாள். "வெளிய தேடிப் போகவே இல்ல பாரு, கொல்லைப்பக்கம் போனேன், கிடைச்சிட்டார்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

சாம்பல் தங்கையின் குதிரை. வாங்கியபோது மழை மேகத்தின் நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர். வருஷம் ஏற ஏற நிறம் இறங்கி, இப்போது மூக்கு நுனியைத் தவிர முழுக்க வெள்ளையாகிவிட்டது. வயதும் ஏறிவிட்டது. தங்கைக்குத்தான் அதற்கு மேல் வயது ஏறவில்லை.

தங்கை கடைசியாகப் போன போட்டி நாளன்று காலை சாம்பலின் முன்னங்கால் தொட்டால் லேசாகச் சுட்டது. நடையில் ஒரு சிறு தயக்கம். தெரியாதவர் கண்ணுக்குத் தெரியாது. தங்கை தீவன அறைக்குள் வந்து அக்காவின் முதுகில் சாய்ந்துகொண்டாள். காரியம் ஆக வேண்டுமென்றால் அவள் அப்படித்தான் செய்வாள்.

"அக்கா, என் செல்ல அக்கா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும். தவிட்டுல கொஞ்சம் வலிப்பொடியைப் போட்டுடேன். நாளைக்கே ஓய்வு குடுத்துடறேன், சத்தியமா."

"கால் சூடா இருக்குடி."

"ரொம்பக் கொஞ்சம்தான். உனக்கே தெரியும். அவர்கிட்ட மட்டும் சொல்லாத. லாடம் அடிக்கிறவரா லட்சணமா ஒரு மணி நேரம் பாடம் எடுப்பார்."

அக்கா பொடியைப் போட்டாள். வெல்லப்பாகு ஊற்றிப் பிசைந்து தன் கையாலேயே ஊட்டினாள். மத்தியானம் மைதானத்தில் சாம்பல் காற்று மாதிரி ஓடியது. அவ்வளவு சுத்தமான நடையை அக்கா அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இவ்வளவு நன்றாக நடக்கிறதே என்று ஒரு கணம் பயந்ததும் உண்மை. கடைசித் தடுப்பைத் தாண்டி இறங்கியபோது அந்த முன்னங்கால் மடங்கியது. குதிரை தலைகுப்புற விழுந்தது. தங்கை அதற்கு அடியில் இருந்தாள்.

குதிரை எழுந்து நின்றது. அக்காவால் இன்றுவரை மறக்க முடியாதது அதுதான். நரம்பு அறுந்த காலோடு எழுந்து நின்று, வலி தெரியாமல், அந்தக் காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, கீழே கிடந்தவளை முகர்ந்து பார்த்தது.

அதற்குப் பிறகு சாம்பலைக் கொன்றுவிடச் சொன்னவர்கள் பலர். அக்கா சம்மதிக்கவில்லை. கட்டுப் போட்டு, மாதக்கணக்கில் நிற்க வைத்து, ஒருவழியாக நடக்க வைத்தாள். ஆனால் வலி மருந்தை மட்டும் கிட்டே விடவில்லை. வலித்திருந்தால் அன்று அந்தக் குதிரை தயங்கியிருக்கும். தயங்கியிருந்தால் தங்கை நிறுத்தியிருப்பாள். இதைத் தவிர வேறு கணக்கு அக்காவுக்குத் தெரியவில்லை. பொடி போட்ட விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்ததெல்லாம் அங்கேயே காய்ந்து போனது.

தங்கை போய்விட்டாள் என்று சொல்ல முடியாதபடி ஏதோ ஒன்று லாயத்தில் இருந்தது. சவாரி வகுப்புகள் முடிந்து கிடங்கு வெறிச்சோடும் மத்தியான வேளைகளில், சேண அறையிலிருந்து தோல் பட்டையை இழுத்து இறுக்கும் சத்தம் வரும். அக்கா போய்ப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். சேணங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். தங்கையின் சேணத்தில் கால் வைக்கும் வளையம் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். ஜன்னல் திறந்திருக்கிறது, காற்று, என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஜன்னலைச் சாத்தவும் மாட்டாள்.

லாடக்காரன் பின்கட்டிலேயே இருந்தான். உலைக்கு மேலே இருந்த அறைதான் அவன் வீடு. மறுமணம் பற்றிப் பேச வந்தவர்களிடம், "முதல்ல இந்த இரும்பு ஆறட்டும்" என்று சொல்லி அனுப்பிவிடுவான். அக்காவும் அவனும் தினமும் பார்த்துக்கொண்டார்கள். தீனி வந்ததா, அந்தக் கறுப்புக் குதிரைக்கு ஆணி தளர்ந்திருக்கிறதா என்று பேசிக்கொண்டார்கள். இறந்தவளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் யாராவது ஒருவருக்கு உடனே வேலை வந்துவிடும்.

டாக்டர் வந்து போன வாரம் சாம்பலின் குளம்பைச் சீவ அவன் வந்தான். நல்ல காலைத் தூக்கினால் கெட்ட கால் மேல் முழு பாரமும் இறங்க வேண்டும். தூக்கிய மாத்திரத்தில் குதிரை நடுங்கி, அவன் தோள் மேலேயே சாய்ந்தது. அவன் காலைக் கீழே விட்டுவிட்டு அதன் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, இதுக்கு ஏதாவது குடுங்க."

"தம்பி, அந்தப் பேச்சு வேண்டாம்."

"நீங்க பக்கத்துல வந்து பாருங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்குது. நாம என்ன கல்லா?"

"வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்று அக்கா நகர்ந்துவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்ததை விடப் பயம்தான் அதிகம் வந்தது. அவன் குரலில் இருந்தது கெஞ்சல் மட்டுமல்ல. அது என்னவென்று அவளுக்கு அப்போது பிடிபடவில்லை.

கொஞ்ச நாளில் அந்த அதிசயம் நடந்தது. ஒரு மத்தியானம் அக்கா முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, கொட்டடிக்கு வெளியே காற்றாட விட்டிருந்த சாம்பல் நடக்க ஆரம்பித்தது. வழக்கமான விந்தல் இல்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு முற்றத்தைக் கடந்து வெளிக் கதவருகே போய் நின்றது. தங்கை கடைத்தெருவுக்குப் போய்விட்டு வரும் நேரங்களில் அது அங்கேதான் போய் நிற்கும். காதுகள் இரண்டும் தெருவைப் பார்த்து நிமிர்ந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. சாம்பல் கனைத்தது. அந்தக் கனைப்பை அக்கா கேட்டே பல வருஷம் ஆகியிருந்தது.

துடைப்பம் கையிலிருந்து நழுவியது தெரியாமல் அக்கா நின்றாள். உடம்பெல்லாம் புல்லரித்தது. மறுநாளும் அது போய் நின்றது. அதற்கு மறுநாளும். அந்த நாட்களில் அக்கா மத்தியானச் சாப்பாட்டை முற்றத்துக்கு எடுத்து வந்து கதவைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டாள். பக்கத்தில் இன்னொரு முக்காலியையும் போட்டுவைத்தாள். ஏன் போட்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. வந்திருக்கிறாள், குதிரைக்குத் தெரிகிறது, எனக்குத்தான் கண் இல்லை, என்று நினைத்துக்கொண்டாள்.

உண்மையில் நடந்தது வேறு. லாடக்காரன் வேலை செய்யப் போன வேறொரு லாயத்திலிருந்து ஒரு டப்பா வலிப்பொடி கேட்டு வாங்கி வந்திருந்தான். தினமும் விடிந்ததும் உலை மூட்டப் போகும் வழியில், பாகில் குழைத்த ஒரு கரண்டிப் பொடியைச் சாம்பலின் நாக்கில் தடவிவிட்டுப் போனான். அளவு அவன் கண் அளவுதான். யாருக்கும் தெரியாது.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அவன் தொலைவில் ஒரு பந்தயப் பண்ணைக்கு வேலைக்குப் போக வேண்டி வந்தது. அவன் போன இரண்டாம் நாளே சாம்பல் பழையபடி சுருங்கியது. கதவருகே போகவில்லை. பிறகு ஒரு காலை, தீனிப் பாத்திரத்தின் சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை. மரத்தூளில் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, எழ ஒருமுறை முயன்று, அந்தக் கால் தாங்காமல் மறுபடி சாய்ந்தது. அக்கா கொட்டடிக்குள் போய் அதன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். போய்விட்டாள், மறுபடியும் போய்விட்டாள், என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

டாக்டர் மழையில் நனைந்தபடி வந்தார். பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ரெண்டுல ஒண்ணுதான். மருந்து குடுத்து வலியைக் குறைக்கலாம். இல்ல, இப்பவே என் கையால முடிச்சு வைக்கலாம். இப்படியே விடறது மட்டும் முடியாது. அதுக்கு நான் துணை வர மாட்டேன்."

அக்கா சாம்பலின் நெற்றி மயிரை விரலால் ஒதுக்கிவிட்டாள். பிறகு, "குடுங்க" என்றாள்.

"வேற மருந்து ஏதும் உள்ள போகலையே?"

"எதுவும் இல்ல."

டாக்டர் ஊசி போட்டார். தொடர்ந்து கொடுக்க, அழுத்தினால் வெளிவரும் பசை மருந்துக் குழல்களும் தந்தார். "இவ்வளவுதான், இதுக்கு மேல ஒரு பொட்டுக் கூடக் கூடாது. நல்லாத் தண்ணி குடிக்கணும். சாப்பிடாம நின்னா, லத்தி இளகினா, உடனே நிறுத்திட்டு என்னைக் கூப்பிடுங்க. இது வலியை எடுக்கும். அதே கையோட வயித்துக்குக் காவலா இருக்கறதையும் எடுத்துடும். அளவு தப்பினா குடலே புண்ணாயிடும்."

பசையைச் சாம்பலின் கன்னத்துக்குள் அக்காவே பீய்ச்சினாள். கொடுத்து முடித்துவிட்டுக் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். குதிரை எழுந்தது. நடந்தது. அவள் சந்தோஷப்படவில்லை. நல்ல நடையைப் பார்க்கப் பார்க்க அந்த மைதானம்தான் கண்ணுக்குள் வந்தது.

லாடக்காரன் ஊர் திரும்பியதும் சாம்பல் எழுந்து நடமாடுவதைப் பார்த்தான். ஊருக்குப் போகும் முன் தான் கொடுத்த பொடியின் பலன் அது என்று நினைத்தான். அக்கா மனம் மாறியிருப்பாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அக்காவும் அவனிடம் சொல்லவில்லை. வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னவள், இப்போது எந்த வாயால் சொல்வாள்? அவன் விடிகாலையில் பொடியைத் தொடர்ந்தான். அவள் தீனி நேரத்தில் பசையைக் கொடுத்தாள்.

மழை விட்டு வெயில் காய்ந்தது. முதலில் சாம்பல் வைக்கோலைக் கிளறிவிட்டுத் தின்னாமல் விட்டது. பிறகு தவிட்டையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தண்ணீர்த் தொட்டி நிறைந்தபடியே இருந்தது. ஒரு மத்தியானம் அக்கா முற்றத்தில் நின்றபோது புதிதாக ஒரு சத்தம் கேட்டது. கல்லைக் கல்லில் தேய்ப்பது போல, நிதானமாக, விட்டுவிட்டு. சேண அறைக்குப் போனாள். அங்கே இல்லை. தீவன அறையில் இல்லை. சத்தத்தின் பின்னாலேயே நடந்து சாம்பலின் கொட்டடிக்கு வந்தாள். குதிரை சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. எதிரில் தின்ன ஒன்றும் இல்லை. வால் பக்கம் சுவரெல்லாம் கழிச்சல். அடிவயிற்றில் ஒரு தலையணையைக் கட்டித் தொங்கவிட்டது போல வீக்கம். விரலால் அழுத்தினாள். குழி விழுந்து, அப்படியே நின்றது.

டாக்டர் வந்ததும் முதலில் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறிலும் நாக்கின் ஓரத்திலும் வெள்ளை வெள்ளையாகப் புண்கள். அவர் முகம் மாறியது.

"நான் சொன்ன அளவுதானே குடுத்தீங்க?"

"ஒரு பொட்டுக் கூடச் சேத்துக் குடுக்கலை டாக்டர். அளந்து அளந்துதான் குடுத்தேன்."

"அந்த அளவுக்கு இது இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு மோசமா வரக்கூடாது. வேற யாராவது வேற ஏதாவது குடுத்தாங்களா?"

"இங்க வேற யாரு இருக்கா?"

"நான் குடுத்தேன்" என்றது ஒரு குரல். லாடக்காரன் கொட்டடி வாசலில் நின்றுகொண்டிருந்தான். வேலைக்குக் கட்டும் தோல் மறைப்பைக் கூட அவிழ்க்கவில்லை. "பொடி. தினமும் காலைல."

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கத்துவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவர் பெருமூச்சு மட்டும் விட்டார்.

"பேரு வேற, டப்பா வேற. ஆனா ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தினா வலி ரெண்டு மடங்கு குறைஞ்சிடாது. விஷம்தான் ஏறும். சிறுநீரகம், வயிறு, குடல், எல்லாம் வாங்கிக் கட்டிக்கும். வண்டியில குளுக்கோஸ் பாட்டில் இருக்கு, எடுத்துட்டு வரேன். ரெண்டு மருந்தும் இந்த நிமிஷத்தோட நிக்கணும்."

அவர் வெளியே போனதும் அக்கா திரும்பினாள். குரல் உயரவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"யாரையும் கேக்கலை."

"வேண்டாம்னு நான் சொன்னது உங்க காதுல விழலையா? எத்தனை தைரியம்!"

"தைரியம் இல்ல அண்ணி. பார்க்க முடியலை. அதோட வலிக்கு நான்தான் காரணம். நானே எப்படி வேடிக்கை பாக்கறது?" அவன் வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டான். "அன்னிக்கும் யாரையும் கேக்காமத்தான் குடுத்தேன்."

"என்னிக்கு?"

அவன் சாம்பலின் முன்னங்காலைப் பார்த்தான்.

"தம்பி, என்னிக்கு?"

"போட்டி அன்னிக்கு. விடியக்காலைல உலைப்பக்கம் வந்தா. கால் கொஞ்சம் சூடா இருக்கு, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்னா. என்கிட்ட ஒரு குழல் பசை இருந்துச்சு. நான்தான் வாயில பீய்ச்சி விட்டேன்." அவன் கட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். "அக்காகிட்ட மட்டும் சொல்லாதீங்க, கொன்னுடுவாங்கன்னு சொன்னா. சொல்லலை. அப்புறம் சொல்ற தைரியம் வரலை."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மரத்தூளில் உட்கார்ந்தாள். சாம்பல் அவளுக்கு மேலே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

"உங்ககிட்டயுமா" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை.

"என்கிட்ட வந்து முதுகுல சாஞ்சா. அவர்கிட்ட சொல்லாதன்னா. நான் தவிட்டுல பொடி போட்டேன்."

வெளியே டாக்டரின் வண்டிக் கதவு அறைந்து சாத்தப்பட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இத்தனை வருஷம் ஒரே முற்றத்தில், ஒரே பிணத்தை ஆளுக்கொரு பக்கமாகச் சுமந்துகொண்டு, எதிரில் இருப்பவர் தோளிலும் அதுதான் இருக்கிறது என்று தெரியாமல் நடந்திருக்கிறார்கள். அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அழகாக வராத ஒரு சிரிப்பு.

"ரெண்டு பேரையும் ஏமாத்திட்டா பாருங்க. செல்ல அக்கான்னு சொல்லி. பாவி."

இறந்தவளைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் வசவு அது. லாடக்காரன் அப்படியே வாசலில் குந்தி, தோல் மறைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

டாக்டர் திரும்பி வந்தபோது ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தும் எதுவும் கேட்கவில்லை. "ஒருத்தர் தலையைப் பிடிங்க, ஒருத்தர் பாட்டிலைத் தூக்கிப் பிடிங்க" என்றார். அக்கா தலையைப் பிடித்தாள். அவன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தான். கழுத்து நரம்பில் ஊசி ஏறி, சொட்டுச் சொட்டாக மருந்து இறங்க ஆரம்பித்தது. அது முடியும்வரை நகர முடியாமல் மூவரும் அங்கேயே நின்றார்கள். அந்த நேரத்தில்தான் அக்கா எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"ஒரு மருந்து மட்டும் போயிருந்தா?"

டாக்டர் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "தெரியாது. கொஞ்சம் நொண்டியிருக்கலாம். அவங்களே இறங்கியிருக்கலாம். இறங்காமலும் போயிருக்கலாம். வலி தெரியலேன்னா குதிரை தன் காலை நம்பிடும்மா. நம்பித்தான் முழு பாரத்தையும் போடும். அதுக்கு மேல நானோ வேற யாரோ எதைச் சொன்னாலும் அது கதை."

ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. அதனாலேயே அக்காவுக்கு அவரைப் பிடித்துப் போனது.

சாம்பல் அந்தத் தடவை பிழைத்துக்கொண்டது. எளிதாக அல்ல. நாள் கணக்கில் மருந்து ஏற்றினார்கள். வயிற்றுப் புண்ணுக்குத் தனி மருந்து. வைக்கோலை நிறுத்திவிட்டு, ஊறவைத்துக் கூழாக்கிய தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுத்தார்கள். அதற்கு ஆள் வேண்டியிருந்ததால் அக்காவும் லாடக்காரனும் முறை போட்டுக்கொண்டார்கள். ஒருவர் ஊட்டும்போது இன்னொருவர் சும்மா வந்து நின்றார். பேச்சு வந்தது. முதலில் தங்கையைத் திட்டிக்கொண்டார்கள். யாரிடம் என்னென்ன சொல்லி என்னென்ன காரியம் சாதித்தாள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அக்காவுக்கென்று சொல்லித் தன்னிடம் வாங்கிக்கொண்ட புதுச் சால்வை தங்கையின் அலமாரிக்குள்ளேயே போன கதையை லாடக்காரன் சொன்னபோது இருவருக்கும் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கொட்டடி ரொம்ப அமைதியாக இருந்தது. நான்காவதாக யாரோ சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல் விட்டது போல இருந்தது. குதிரையும் சேர்த்துத்தான் மூன்று பேர் என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

குடல் ஆறிய பிறகு டாக்டர் வயிற்றை அவ்வளவாகத் தொடாத வேறொரு மருந்தை மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்தார். இடையிடையே இரத்தம் எடுத்துப் பார்த்தார். லாடக்காரன் குதிகாலை உயர்த்தித் தாங்கும்படி ஒரு லாடம் அடித்தான். அதிலேயே பாதி வலி போனது. "மருந்து ஒரு கைதான் குடுக்கணும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். யார் கை என்பதில் இருவரும் ஒருவரையொருவர் தள்ளிவிட்டார்கள். கடைசியில் அக்கா கொடுத்தாள். கொடுத்ததும், "தம்பி, குடுத்துட்டேன்" என்று முற்றம் முழுக்கக் கேட்கக் கூவுவாள். உலைப்பக்கத்திலிருந்து, "சரி அண்ணி" என்று சத்தம் வரும். இதைச் சொல்லாமல் ஒரு நாளும் போகவில்லை.

ஆனால் அக்கா எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை. பாரத்தில் பாதியை இன்னொருவர் வாங்கிக்கொண்டால் மீதி எடை குறையும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஆகவில்லை. சேண அறையில் தோல் பட்டையின் சத்தம் நின்றுபோனது. மத்தியானங்களில் அவள் கதவோரம் போய் நின்று காது கொடுத்துக் கேட்டாள். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. வளையம் ஆடியது. காற்றுக்குத்தான் ஆடியது. திட்டியதில் கோபித்துக்கொண்டாளோ என்று ஒரு நாள் அந்தச் சேணத்தின் மேல் கை வைத்து, "சரி, வாடி" என்று கூடச் சொன்னாள். அந்த அறையில் அவள் குரல் மட்டும் கேட்டது.

குளிர் காலம் பிறந்தபோது சாம்பலின் மூட்டு எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. அளவைக் கூட்டலாமா என்று லாடக்காரன் கேட்டான். டாக்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "கூட்டினா நடக்கும். நடந்துகிட்டே உள்ளே அழுகும். போதும்னு அது சொல்லுது, நாமளும் சொல்லிடலாம்." ஒரு வெயில் நேரமாகப் பார்த்து, முற்றத்தில் மரத்தூளைக் கொட்டி, இருவரும் இரண்டு பக்கமும் நின்று பிடித்துக்கொள்ள, டாக்டர் ஊசி போட்டார். குதிரை மெதுவாக மண்டியிட்டு, பிறகு படுத்தது. அந்த முன்னங்கால் தானாக நீண்டு தளர்ந்தது. அக்கா அதைத் தொட்டுப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். காது மடங்கவில்லை.

கொட்டடியைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, வெகுநாள் பூட்டி வைத்திருந்தார்கள். புதுக் குதிரை ஒன்று வாங்க வேண்டி வந்தபோது வேறு இடம் இல்லை. அது பழுப்பு நிறத்தில், எல்லாவற்றுக்கும் மிரளும் குதிரை. தெருவில் காகிதம் பறந்தால் ஒதுங்கும். தன் நிழலுக்கே குதிக்கும். வண்டியிலிருந்து இறக்கவே அரைமணி ஆனது.

"அந்தக் கொட்டடிக்குள்ள போகாது பாருங்க தம்பி" என்றாள் அக்கா. அவள் குரலில் இருந்தது எச்சரிக்கையா ஆசையா என்று லாடக்காரனுக்குத் தெரியவில்லை. "உள்ள யாராவது இருந்தா அதுங்களுக்குத் தெரியும்."

அவன் கயிற்றைப் பிடித்து வாசல் வரை கொண்டுவந்தான். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குதிரை நின்றது. மூக்கை நீட்டியது. வாசல் கட்டையை முகர்ந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தீனித் தொட்டியில் வாயை வைத்துத் தின்ன ஆரம்பித்தது. காது கூட அசையவில்லை.

லாடக்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தான். "போயிடுச்சே அண்ணி" என்றான்.

"ஆமா" என்றாள் அக்கா. கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பிறகும் அங்கேயே நின்று, அது வேறெந்த இடத்திலும் தின்பது போலவே நிம்மதியாகத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.